ஆடு எங்கே?

மே 3, சனி

மாடிப்படிக்குக் கீழே, அம்மா பழைய வேன் டயர்களை அடுக்கி வைத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளிச்சத்துக்கு அம்மாவின் டார்ச். இந்த நோட்டு அம்மா கண்ணில் படக் கூடாது. பட்டால் ஹங்கேரிப் பயணம் நின்றுவிடும்.

நிஜமாகவே நின்றுவிடும். எனக்குப் பயம் என்று ஒரு சொல் காதில் விழுந்தால் போதும், அம்மா "சரிட்டி, போவேண்டாம்" என்று முடித்துவிட்டு வேன் கழுவப் போய்விடுவாள். முகாமுக்கும் அப்படித்தான். ஒவ்வொரு வருஷமும் "வடிவு, முகாமுக்கு வாரியா?" என்று கேட்பாள். நான் மாட்டேன் என்பேன். ஏன் என்று கேட்டதே இல்லை. இருட்டு, பூச்சி, உயரம், புது மனிதர்கள் எல்லாவற்றுக்கும் எனக்குப் பயம். அம்மாவுக்கு எதற்குமே பயம் கிடையாது. அவளுக்குப் போய் நான் எப்படிப் பிறந்தேனோ.

அம்மா பெயர் செண்பகவல்லி. கோவில்பட்டியில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். எஸ்தர் டீச்சர் எங்கள் பள்ளியில் சாரணியர் படை ஆரம்பித்தபோது ராத்திரி தங்கும் முகாமுக்கு ஒரு வீட்டிலும் பெண் பிள்ளைகளை அனுப்பவில்லை. அம்மாதான் வீடு வீடாகப் போனாள். "வேன் நான் ஓட்டுதேன். கூடாரத்து வாசல்ல நான் படுத்துக்கிடுதேன். என்னையத் தாண்டி ஒரு பூனை உள்ள போவாது" என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளைச் சேர்த்தாள். இன்றும் எல்லா முகாமிலும் வாசலில் பாய் விரித்து, டார்ச்சைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறாள்.

போன வருஷம் கழுகுமலை முகாமைப் பார்க்க ஹங்கேரியிலிருந்து பிரோஷ்கா என்ற அம்மையார் வந்தார். ரிட்டயரான பல் டாக்டர். விடியற்காலையில் அவர் கூடாரத்துக்குள் எட்டிப் பார்க்கப் போயிருக்கிறார். அம்மா காலை நீட்டி மறித்து, "பிள்ளைக தூங்குதுவ. ஆறு மணிக்கு மேல வாங்க" என்று தமிழிலேயே திருப்பி அனுப்பிவிட்டாள். எஸ்தர் டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டாராம். ஆனால் அந்த அம்மையாருக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. சாரணர் இயக்கத்துப் பெரியவர்களும், அதில் சேராமலே தோள் கொடுப்பவர்களும் ஒரு வாரக்கடைசியில் ஹங்கேரியில் கூடுகிறார்கள். அதில் அம்மா பேச வேண்டும் என்று கூப்பிட்டுவிட்டார். டிக்கெட்டும் அவர்களே அனுப்பினார்கள். மொழிபெயர்க்க ஒருவர் கூட வரலாம் என்றார்கள்.

"ஏட்டி, வாரியா? பயமா இருந்தா இப்பவே சொல்லு."

"பயமில்ல. வாரேன்."

சொன்னது நான்தான். அம்மா என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். "சரி" என்றாள்.

ஏன் சொன்னேன் என்றால், மளிகைக் கடையில் ஒரு பெரியம்மா சொன்னது காதில் விழுந்தது. "ஊர்ப் பிள்ளைய எல்லாம் கூட்டிட்டுப் போவா. வேன்காரி மவ மட்டும் வீட்டுல கெடப்பா." அம்மாவும் அங்கேதான் நின்றாள். பருப்பை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அம்மாவுக்கு என்னால் தலைகுனிவு. அது எனக்குத் தெரியும்.

ஆனால் எனக்கு ஆங்கிலம் பேச வராது. பரீட்சையில் எழுத வரும், பேச வராது. அதனால் எஸ்தர் டீச்சர் நாலு பத்தி ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார். கட்டுரை மாதிரி மனப்பாடம் செய்கிறேன். அம்மா கொஞ்சம் பேசுவாள், நான் முதல் பத்தி. அம்மா இன்னும் கொஞ்சம் பேசுவாள், நான் இரண்டாம் பத்தி. அம்மா என்ன பேசினாலும் நான் இதைத்தான் சொல்வேன். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அங்கே இருப்பவர்களுக்குத் தமிழ் தெரியாது. நடுவில் இருக்கும் எனக்கு மட்டும்தான் தெரியும்.

இதை டீச்சரிடம் கூடச் சொல்லவில்லை.

மே 5, திங்கள்

மூன்றாம் பத்தி நடுவில் மறந்துவிடுகிறது. 'மானுட சேவையின் உன்னத லட்சியம்' வரைக்கும் வருகிறது. அப்புறம் இருட்டு.

மே 8, வியாழன்

ஹங்கேரி வந்துவிட்டோம். கட்டிலில் போர்வைக்குள் டார்ச்சை வைத்து எழுதுகிறேன்.

விமானத்தில் நான் அழவில்லை. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பயமாக இருக்கும் என்று அவளுக்கே தோன்றியிருக்க வேண்டும். ரொம்ப இறுக்கமாகப் பிடித்திருந்தாள், மோதிரம் பதிந்துவிட்டது. ஏறியதிலிருந்து இறங்கும்வரை கண்ணை மூடியே இருந்தாள். "நல்லா தூங்குனியாம்மா?" என்று கேட்டேன். "ஆமாட்டி, என்னா சொகம்" என்றாள். உதடு மட்டும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. தூக்கத்திலும் அம்மாவுக்குப் பேச்சு நிற்காது.

விமானம் மாறிய தோஹாவில் நகரும் படிக்கட்டு. எல்லோரும் அதில் ஏறிப் போனார்கள். அம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்துப் படியில் நடந்தாள். "படிதான் நல்லது, காலுக்குப் பயிற்சி" என்றாள். நானும் மூச்சு வாங்கப் பின்னால் போனேன்.

புடாபெஸ்ட்டில் பிரோஷ்கா அம்மையார் கார் கொண்டுவந்திருந்தார். குட்டை முடி, பெரிய சிரிப்பு, கழுத்தில் சாரணர் கழுத்துத்துணி. அம்மாவைப் பார்த்ததும் நின்ற இடத்திலேயே ஒரு காலை நீட்டி வழிமறித்துக் காட்டினார். அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். இரண்டு பேருக்கும் மொழியே வேண்டியிருக்கவில்லை. நான் மட்டும் நடுவில் கம்பம் மாதிரி நின்றேன்.

முகாம் இடம் மலையடிவாரத்துக் காடு. வழியெல்லாம் முள் மரங்களில் கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ. வாசனை காருக்குள் வரைக்கும் வந்தது. "நம்மூரு சீமைக்கருவேலுக்கு இப்படி ஒரு அக்கா இருக்கான்னு யாரும் சொல்லலையே" என்றாள் அம்மா. இதை நான் மொழிபெயர்க்கவில்லை. எப்படி என்று தெரியவில்லை.

பெயர்ப் பட்டை கொடுத்தார்கள். இந்த ஊரில் குடும்பப் பெயரை முதலில் எழுதி, சொந்தப் பெயரை அப்புறம் எழுதுவார்களாம். அம்மாவுக்கு அது பெரிய சந்தோஷம். "பாத்தியா, நம்ம இனிஷியல் மாதிரி. இவ்வளவு தூரம் வந்தும் சரியான ஊருக்குத்தான் வந்திருக்கோம்."

எங்கள் அறையில் அடுக்குக் கட்டில். எனக்கு உயரம் ஆகாது என்று அம்மாவே மேலே ஏறிக்கொண்டாள். ஏணியில் ஏற ரொம்ப நேரம் எடுத்தாள். சேலை தடுக்கியிருக்கும். கம்பியைப் பிடித்தபடியே படுத்திருக்கிறாள். எட்டு மணிக்கும் இங்கே பகல் மாதிரி வெளிச்சம். அதனால்தான் அவளுக்குத் தூக்கம் வரவில்லை போல.

அப்பா போன் செய்தார். "உங்கம்மா எப்படி இருக்கா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு தடவை கூடக் கேட்கவில்லை.

மே 9, வெள்ளி

ஆபத்து. பேச்சு முடிந்ததும் கேள்வி கேட்பார்களாம்.

காபோர் என்ற நெட்டையான மனிதர்தான் எல்லாவற்றையும் நடத்துகிறார். நாளைய நிகழ்ச்சியைச் சொல்லும்போது, ஒவ்வொருவரும் பேசிய பிறகு கேள்வி நேரம் உண்டு என்றார். டீச்சர் கொடுத்த நாலு பத்தியில் பதில் எதுவும் கிடையாது. அம்மா "என்னட்டி சொல்லுதாவ?" என்றாள். "சாப்பாடு நல்லா இருக்கும்னு சொல்றாங்க" என்றேன்.

சாப்பாடு நல்லாத்தான் இருந்தது. வெளியே மூன்று கம்பி நட்டு, நடுவில் இரும்புச் சட்டியைத் தொங்கவிட்டு, விறகுத் தீயில் குலாஷ் என்ற கறிக்குழம்பைக் கொதிக்கவைத்தார்கள். செக்கச் சிவப்பாக இருந்ததைப் பார்த்து அம்மா, "தண்ணிய பக்கத்துல வச்சுக்கோ, காரம் ஏறும்" என்று எச்சரித்தாள். வாயில் வைத்தால் காரமே இல்லை. அவர்கள் மிளகாய்ப் பொடி இனிக்கிறது. அம்மா பையிலிருந்து ஊறுகாய்ப் பாட்டிலை எடுத்தாள். பிரோஷ்கா அம்மையார் ஒரு விரலில் தொட்டு நக்கினார். கண்ணில் தண்ணீர் வந்தது. இன்னொரு தடவை தொட்டார்.

இங்கே எல்லோரும் இடது கையால் கை குலுக்குகிறார்கள். அது சாரணர் வழக்கம். எஸ்தர் டீச்சர் சொல்லியிருந்தாலும் அம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை. ஒவ்வொரு முறையும் இடது கையைச் சேலை முந்தானையில் நன்றாகத் துடைத்த பிறகுதான் நீட்டினாள். கை குலுக்கும்போது 'நல்ல வேலை!' என்று அவர்கள் மொழியில் வாழ்த்துகிறார்கள். யோ முன்காட். அம்மா அதை இரண்டே தடவையில் பிடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் அம்மாவிடம், "நாளைக்கு நாலு பாகமாப் பேசு. நான் முழங்கையைத் தொட்டா நிறுத்திரு" என்றேன்.

"என்ன பேசணும்?"

"எஸ்தர் டீச்சர் சொன்னதுதான். சேவை, ஒழுக்கம்."

"எனக்கு அதெல்லாம் வாயில வராதுட்டி. நடந்ததத்தான் சொல்லுவேன்."

நான் சரி என்றேன். எனக்கென்ன.

மே 10, சனி

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

காலையில் அம்மா எதுவும் சாப்பிடவில்லை. சனிக்கிழமை, பெருமாளுக்கு விரதம் என்றாள். அவள் சனிக்கிழமை விரதம் இருந்து நான் பார்த்ததில்லை. வெளிநாட்டுக்கு வந்ததும் பக்தி கூடிவிட்டது. தலையைப் பிரித்துப் பிரித்து மறுபடி பின்னினாள்.

மரத்தால் கட்டிய பெரிய கூடம். பல நாட்டுக்காரர்கள், பெரும்பாலும் நரைத்த தலைகள், பலர் கழுத்தில் துணி. எங்களுக்கு முன்னால் பேசியவர் படம் காட்டினார். எங்களிடம் படம் இல்லை. மைக் முன்னால் அம்மா, பக்கத்தில் நான்.

அம்மா கும்பிட்டாள். கூப்பிட்டதற்கு நன்றி, கோவில்பட்டியிலிருந்து வருகிறோம் என்றாள். நான் முழங்கையைத் தொட்டேன். முதல் பத்தியைச் சொன்னேன். அதிலும் நன்றிதான், கோவில்பட்டிதான். கை தட்டினார்கள். இவ்வளவுதானா, இப்படியே ஒப்பேற்றிவிடலாம் என்று நினைத்தேன்.

அப்புறம் அம்மா ஆட்டைக் கொண்டுவந்தாள்.

"எங்க ஊர்ல சுடலைமுத்து அண்ணாச்சின்னு ஒருத்தர். அவரு மவ ராசகனி. முதல் முகாமுக்கு அவளக் கூப்பிடப் போனேன். அண்ணாச்சி சொல்லுதாரு, 'ஏம்மா, வீட்டுல சினையாடு நிக்கி. இன்னைக்கோ நாளைக்கோ ஈனும். இவ இல்லாம யாரு பாப்பா?' எனக்குக் கோவம் வந்துட்டு. 'ஆட்டையும் வேன்ல ஏத்துங்க'ன்னுட்டேன். ஏத்துனோம்லா!"

சொல்லிக்கொண்டே அம்மா மேடையில் வெறுங்கையால் ஆட்டைத் தூக்கினாள். கனமான ஆடு, வயிறு பெரிசு, காலை உதைக்கிறது. அம்மா தடுமாறினாள். ஸ்டியரிங்கைப் பிடித்தாள். பின்னாலிருந்து ஆடு "மேஏஏ" என்று கத்த, பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தாள். அந்த "மேஏஏ" கூடத்தின் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. முன்வரிசைத் தாத்தா ஒருவர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"ரெண்டாம் நாளு முதலுதவிக் கூடாரத்துல குட்டி போட்டுட்டு. டீச்சரு கட்டுப் போட ஏற்பாடு பண்ணி வச்சிருந்த துணியெல்லாம் குட்டிய தொடைக்கப் போயிட்டு. அத்தன பிள்ளைகளும் சுத்தி நின்னு பாத்துதுவ. அன்னைக்கு அதுவ படிச்ச முதலுதவி அதான்."

அம்மா நிறுத்தினாள். கையில் இன்னும் அந்தக் குட்டியை ஏந்தியபடி என்னைப் பார்த்தாள்.

நான் இரண்டாம் பத்தியைச் சொன்னேன். "சாரணியம் மாணவிகளிடம் ஒழுக்கத்தையும், தன்னம்பிக்கையையும், தேசபக்தியையும் வளர்க்கிறது." ஒரு சொல் தப்பில்லை.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்புறம் அம்மாவின் கையைப் பார்த்தார்கள். மறுபடியும் என்னைப் பார்த்தார்கள்.

பிரோஷ்கா அம்மையார் கையைத் தூக்கினார். கேள்வி நேரம் வருவதற்கு முன்னாலேயே. ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"ஆடு எங்கே?"

அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"என்னட்டி கேக்காவ?" என்றாள் அம்மா.

"ஆடு எங்கன்னு கேக்குறாங்கம்மா."

"நீ ஆட்டைச் சொல்லலையா?"

"இல்ல."

"பின்ன இவ்வளவு நேரம் என்ன சொன்ன?"

"ஒழுக்கம்னு சொன்னேன்."

அம்மா என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மைக் முன்னாலேயே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். காரணம் தெரியாமலே கூடம் முழுக்கச் சிரித்தது. என் காலுக்குக் கீழே தரை இருப்பது அப்போதுதான் தெரிந்தது.

"பயப்படாத. கட்டுரை வேண்டாம். ஆட்ட மட்டும் சொல்லு. ஆடுன்னா இங்கிலீஷ்ல தெரியும்லா?"

தெரியும். ஒன்றாம் வகுப்பில் படித்தது.

சொன்னேன். வாக்கியம் ஒன்றும் முழுசாக வரவில்லை. ஒரு அப்பா. ஒரு பெண். ஒரு ஆடு, அதன் வயிற்றில் குட்டி. அம்மா சொல்கிறாள், ஆடும் வேனில். நேற்று நடந்ததை நாளைக்கு நடப்பது போலச் சொன்னேன். 'சினை' என்பதற்குச் சொல் கிடைக்காமல் வயிற்றைக் கையால் காட்டினேன். முதலுதவிக் கூடாரத்தில் குட்டி பிறந்தது என்றதும் முன்வரிசைத் தாத்தா தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். பிரோஷ்கா அம்மையார், 'அதானே' என்பது போல எல்லோரையும் திரும்பிப் பார்த்தார்.

மூன்றாம் பத்தியும் நாலாம் பத்தியும் மண்டையை விட்டே போய்விட்டன. தேடவும் இல்லை.

அம்மா தொடர்ந்தாள். இப்போது அபிநயம் எதுவும் இல்லை. கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"ஆட்ட ஏத்துற முன்னால அண்ணாச்சி கடைசியா ஒண்ணு கேட்டாரு. 'ஏம்மா, ஒம்மவளையே நீ அனுப்பல. எம்மவள அனுப்பச் சொல்லுதியே, இது என்ன நாயம்?' ஊரே நின்னு பாக்கு. நான் சொன்னேன், 'அண்ணாச்சி, எம்மவட்ட வாரியான்னு கேட்டேன். அவ மாட்டேன்னு சொன்னா. சரின்னுட்டேன். நீங்க ஒங்க மவட்ட கேட்டீங்களா?'"

என்னைக் கையால் காட்டினாள்.

"அண்ணாச்சி முழிக்காரு. அந்தப் பிள்ளைட்ட அதுவரைக்கும் யாரும் எதையும் கேட்டதில்ல. அங்கனயே திரும்பி, 'ஏளா, ஒனக்குப் போவணுமா?'ன்னு கேட்டாரு."

அம்மா நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் மைக்கைப் பார்த்தேன்.

"சொல்லுட்டி."

"அம்மா, இது என்னையப் பத்தி."

"ஒன்னையப் பத்தித்தான். சொல்லு."

விட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அண்ணாச்சி சம்மதித்தார் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் அம்மா என்னைக் கையால் காட்டியதை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். இப்போது விட்டால், பிரோஷ்கா அம்மையார் கையைத் தூக்கி 'மகள் எங்கே?' என்று கேட்பார்.

அதனால் சொன்னேன். என் அம்மா என்னைக் கேட்டாள். நான் மாட்டேன் என்றேன். அவள் சரி என்றாள். பிறகு அந்த அப்பாவிடம் சொன்னாள்: நான் என் மகளைக் கேட்டேன், நீங்கள் உங்கள் மகளைக் கேட்டீர்களா?

சின்னச் சின்ன வாக்கியம்தான். ஒன்றிலும் தப்பு வரவில்லை என்று நினைக்கிறேன்.

யாரும் சிரிக்கவில்லை. காபோர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். முன்வரிசைத் தாத்தா, "அந்தப் பெண் என்ன சொன்னாள்?" என்று கேட்டார். அம்மாவிடம் கேட்டுச் சொன்னேன்.

"என்ன சொன்னா? ஒண்ணும் சொல்லல. ஓடிப் போயி வேன்ல ஆட்டுப் பக்கத்துல உக்காந்துட்டா."

அப்போது கூடம் கைதட்டலில் அதிர்ந்தது. அம்மா என் காதோடு இன்னொன்றும் சொன்னாள். "இதையும் சொல்லிரு. இப்ப எல்லா வீட்டுலயும் அதையேதான் கேக்கேன். ஒம்பேரச் சொல்லித்தான் கேக்கேன்."

கோவில்பட்டியில் எத்தனையோ வீடுகளில் என் பெயர் சொல்லப்பட்டிருக்கிறது. எனக்குத் தெரியாமலே. வேன்காரி மகள் வரவில்லை என்று அம்மாவே முதலில் சொல்லி, அதைக் காட்டித்தான் அத்தனை பிள்ளைகளையும் வேனில் ஏற்றியிருக்கிறாள். அந்த மளிகைக் கடைப் பெரியம்மாவின் பேத்தி கூடப் போன வருஷம் முகாமுக்குப் போனாள்.

நான் இதை மொழிபெயர்த்தேனா என்று நினைவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டேன். இங்கே குளிர் அதிகம்.

கேள்வி நேரத்தில் நிறையக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னோம். அந்தக் குட்டிக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று ஒருவர் கேட்டார். "கேம்ப்பு" என்றாள் அம்மா. அதை மொழிபெயர்க்கவே தேவையிருக்கவில்லை.

மத்தியானம் அம்மா இரண்டு தட்டு சாப்பிட்டாள். "விரதம்?" என்றேன். "பெருமாளுக்குத் தெரியும்" என்றாள்.

மே 11, ஞாயிறு

இன்று காலை இங்குள்ள சின்னச் சாரணர்கள் ஓடைக்கு மேலே கயிற்றுப் பாலம் கட்டியிருந்தார்கள். உயரம்தான். கீழே பாறை. முக்கிய விருந்தாளி என்று அம்மாவை முதலில் நடக்கச் சொன்னார் காபோர். எல்லோரும் கை தட்டினார்கள். அம்மா செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள், சேலையை இழுத்துச் செருகினாள், சிரித்துக்கொண்டே ஒரு காலைக் கயிற்றில் வைத்தாள்.

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தேன். கயிற்றைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. மேல் கட்டில் கம்பியிலும் இதே பிடி. விமானத்தில் என் கையிலும் இதே பிடி. உதடு முணுமுணுத்தது.

அப்பா ஏன் அவளைப் பற்றியே கேட்டார் என்று அப்போது புரிந்தது.

பக்கத்தில் போனேன். "அம்மா, உனக்குப் போவணுமா?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். இவ்வளவு நேரம் பார்ப்பாள் என்று எதிர்பார்க்கவில்லை.

"வேண்டாம்ட்டி" என்றாள், மெதுவாக.

நான் திரும்பி, காபோரிடமும் மற்ற எல்லோரிடமும் ஆங்கிலத்தில் சத்தமாகச் சொன்னேன். "என் அம்மா வேண்டாம் என்கிறாள்." குரல் நடுங்கவில்லை. இந்தப் பயணத்தில் நான் மொழிபெயர்த்ததிலேயே இதுதான் நன்றாக வந்தது.

காபோர் உடனே தலையசைத்தார். பிரோஷ்கா அம்மையார் அம்மாவின் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, "இத்தனை வருஷமாக நானும் இந்த மாதிரிப் பாலத்தில் ஏறியதில்லை. என்னை யாரும் கேட்டதே இல்லை, அதனால் தப்பித்தேன்" என்றார். மூன்று பேரும் கீழே புல்லில் உட்கார்ந்து மற்றவர்கள் நடப்பதை வேடிக்கை பார்த்தோம். எண்ணெயில் பொரித்த, பூரி மாதிரி ஒன்றைச் சாப்பிட்டோம். ஊறுகாய் தீர்ந்துவிட்டது.

புறப்படும்போது கழுத்துத்துணியை மாற்றிக்கொள்வது இவர்கள் வழக்கம். பிரோஷ்கா அம்மையார் தன்னுடையதைக் கழற்றி அம்மாவின் கழுத்தில் கட்டினார். அம்மாவிடம் கொடுக்கத் துணி இல்லை. அவள் சாரணர் இல்லையே. பையைத் துழாவி டார்ச்சை எடுத்தாள். கூடார வாசலில் வைத்திருப்பாளே, அதே டார்ச். அது என் தலையணைக்குக் கீழே அல்லவா இருந்தது.

"பேட்டரி கொறஞ்சிருக்கும்னு சொல்லு. இவ ராத்திரியெல்லாம் எழுதுவா" என்றாள் அம்மா.

மொழிபெயர்த்துவிட்டு, காரில் ஏறியதும் கேட்டேன். "உனக்குத் தெரியுமா?"

"டயருக்குப் பக்கத்துல ஒக்காந்து எழுதுவ. போர்வைக்குள்ள எழுதுவ. தெரியாமயா இருக்கும்?"

"படிச்சியா?"

"ஒன் நோட்ட நான் எதுக்குப் படிக்கேன்?"

"எனக்குப் பயம்னு தெரியுமா?"

"தெரியும். ஆனா வாரியான்னு கேட்டேன், வாரேன்னு சொன்ன. அதுக்கு மேல நான் என்னத்தக் கேக்க?" கொஞ்ச நேரம் வெளியே முள் மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். "எனக்கும் ஒரு ஆளு கூட வந்தா தேவலாம்னு இருந்துச்சு" என்றாள்.

மே 12, திங்கள்

தோஹா விமான நிலையம். பகல். டார்ச் இல்லாமல், அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே எழுதுகிறேன். அவள் எட்டிப் பார்க்கவில்லை. கழுத்துத்துணியை இன்னும் கழற்றவில்லை. சேலைக்குப் பொருந்தவே இல்லை. போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்க்கிறார்கள், பார்க்கட்டும்.

அடுத்த மாதம் முகாமுக்கு ஆள் சேர்க்க வேண்டும். "வாரியா?" என்று இப்போதே கேட்டுவிட்டாள். முகாமுக்கு வேண்டாம் என்றேன். வீடு வீடாகக் கேட்கப் போகும்போது கூட வருகிறேன் என்றேன். அப்பாக்களிடம் அவள் பேசட்டும், பிள்ளைகளிடம் நான் கேட்கிறேன். அம்மா, "நல்லதுட்டி. யோ முன்காட்" என்று இடது கையை நீட்டினாள். இந்த முறை முந்தானையில் துடைக்கவில்லை.

சென்னை விமானத்துக்கு அறிவிப்பு வந்துவிட்டது. விமானம் ஏற வேண்டிய வாசல் மேல் தளத்தில். எதிரே நகரும் படிக்கட்டு, பக்கத்தில் சாதாரணப் படி. அம்மா பெட்டியைப் பிடித்துக்கொண்டு நகரும் படிக்கட்டையே பார்க்கிறாள்.

"எதுலம்மா போவோம்?" என்று கேட்டேன்.

"நீ சொல்லு."

"இல்ல, உன்னத்தான் கேக்கேன்."

"படி" என்றாள்.

பெட்டியை நான் வாங்கிக்கொண்டேன். நோட்டை மூடப் போகிறேன். காலுக்குப் பயிற்சி.